உஷார்! ரேட்டு ஏறும்போதுதான் ஆபத்து

அந்தச் செய்தி உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். "இன்னைக்கு ரேட்டு உச்சம்! இப்ப அனுப்பலன்னா எப்ப அனுப்புவீங்க?" கூடவே ஒரு படம், ஒரு கைப்பேசி எண். அதை நம்முடைய சொந்தக்காரரே அனுப்பியிருப்பார். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார்.

நில்லுங்கள். எதையும் அழுத்தாதீர்கள். யாரிடமும் காசு கொடுக்காதீர்கள். இதைப் படித்து முடியுங்கள் முதலில்.

ஊருக்குப் பணம் அனுப்பும் நாம், ஒரு வெள்ளிக்கு எத்தனை ரூபாய் என்ற ரேட்டு இறங்கும்போது கவனமாகத்தான் இருக்கிறோம். "கொஞ்ச நாள் பொறுப்போம்" என்று கையை மடக்கிக்கொள்கிறோம். ஏறும்போதுதான் புத்தி தடுமாறுகிறது. கடன் வாங்குகிறோம். முன்பின் தெரியாத ஆளிடம் கொடுக்கிறோம். வைப்புத்தொகையை உடைக்கிறோம். மோசக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். அவன் காத்திருப்பதே அந்த நாளுக்காகத்தான்.

இங்கே சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், புளோக் எண்ணும் வேண்டாம். அவர் பட்டது போதும்.

ரெட்ஹில் பக்கம் குடியிருப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவர். அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை. ஊரில் வயதான அம்மா, தம்பி குடும்பம். ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மேல்தளம் போடப் பணம் வேண்டும். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, தேக்காவில் இறங்கி, உரிமம் பெற்ற கடையில் வரிசையில் நின்று அனுப்புவார். ரசீது வாங்கிப் பைக்குள் பத்திரமாக வைப்பார்.

வேலையிடத்தில் கூட இருந்தவர் ஒருவர் சொன்னார்: "எதுக்கு அக்கா அவ்வளவு தூரம் போறீங்க? எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் இருக்கார். கடையில 69 ரூபாய் 50 காசு கொடுத்தா அவர் 71 கொடுப்பார். வீட்டுக் கீழயே வந்து வாங்கிக்குவார்."

முதல் தடவை சிறிய தொகை. ஒரு மணி நேரத்தில் அம்மாவின் கணக்கில் ஏறிவிட்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. நம்பிக்கை வந்துவிட்டது. மூன்றாம் தடவை 9,000 வெள்ளி. வருடக்கணக்காகச் சேர்த்த பணம். அந்தத் தம்பி சொன்ன, கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் பேநவ் எண்களுக்குப் பிரித்து அனுப்பினார். ஒவ்வோர் எண்ணிலும் ஒவ்வொரு பெயர். "ஏன்பா இத்தனை பேரு?" என்று கேட்டிருக்கிறார். "எல்லாம் நம்ம ஆளுங்கதான் அக்கா" என்று பதில்.

ஊரில் 6,39,000 ரூபாய் ஏறியது. யார் யாருடைய கணக்கிலிருந்தோ துண்டு துண்டாக வந்து ஏறியது. வீட்டில் ஒரே சந்தோஷம். சிமெண்டுக்கும் கம்பிக்கும் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாரம் அம்மா வங்கிக்குப் போனார். கணக்கு முடக்கப்பட்டிருந்தது.

வேறு மாநிலத்துச் சைபர் குற்றப் போலீசின் உத்தரவு. வந்த பணத்தில் ஒரு பகுதி, அங்கே யாரோ ஒரு மனிதரை ஏமாற்றிப் பறித்த பணம். அவர் 1930 என்ற இந்தியச் சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறார். பணம் போன வழியைப் பின்தொடர்ந்த போலீஸ், வழியில் இருந்த கணக்குகளை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டது. அந்த வரிசையில் இந்த மூதாட்டியின் கணக்கும் ஒன்று. காலமான கணவரின் குடும்ப ஓய்வூதியமும் அதே கணக்கில்தான் விழும். அதையும் எடுக்க முடியவில்லை. "அந்த ஊர்ப் போலீஸ்ல தடையில்லாச் சான்று வாங்கிட்டு வாங்கம்மா" என்கிறார் மேலாளர். இந்தி தெரியாத, முட்டி வலியோடு நடக்கிற ஒரு தாய் எந்த ஊருக்குப் போவார்?

அந்தத் தம்பியின் எண் இப்போது இயங்கவில்லை.

அவருக்குக் கூடுதலாகக் கிடைத்த இலாபத்தைக் கணக்குப் பாருங்கள். வெள்ளிக்கு ஒன்றரை ரூபாய். 9,000 வெள்ளிக்கு 13,500 ரூபாய். நம் காசில் இருநூறு வெள்ளிகூட இல்லை. அதற்காக ஆறு லட்சத்து முப்பத்தொன்பதாயிரம் ரூபாய் சிக்கிக்கிடக்கிறது. மாடி வீடு தூணோடு நிற்கிறது.

இத்தோடு முடியவில்லை. இங்கே அவர் பணம் அனுப்பிய பேநவ் கணக்குகள் மோசடிக்காரர்கள் வாடகைக்கு எடுத்த கணக்குகளாக இருந்தால், சிங்கப்பூர்க் காவல்துறையும் அவரை அழைத்துக் கேள்வி கேட்கலாம். நாள் முழுக்க மாடிப்படி துடைத்துச் சம்பாதித்தவர் தன் பணத்துக்குத் தானே கணக்குச் சொல்ல வேண்டும்.

கடையைவிடக் கூடுதலாக ஒருவன் எப்படிக் கொடுக்க முடியும் என்று யோசித்திருக்கிறீர்களா? உரிமம் பெற்ற கடையும் வங்கியும் சந்தையில் ரூபாய் வாங்குகின்றன. அதற்கு ஒரு விலை உண்டு. கடை வாடகை, ஊழியர் சம்பளம் எல்லாம் அதற்கு மேல். சந்தை விலையைவிட மலிவாக ஒருவனிடம் ரூபாய் இருக்கிறதென்றால், அது பெரும்பாலும் நேர்வழியில் வந்த ரூபாயாக இருக்காது. ஊரில் யாரையோ ஏமாற்றிய பணம் அவனுக்குக் கை மாற வேண்டும். உங்கள் சுத்தமான வெள்ளியை இங்கே வாங்கிக்கொள்கிறான். அந்த அழுக்கு ரூபாயை உங்கள் அம்மாவின் கணக்கில் போட்டுவிடுகிறான். எல்லை தாண்டிப் பணம் போகவே இல்லை. அழுக்கு மட்டும் கை மாறிவிட்டது.

இப்படி ஆள்வழிப் பணம் அனுப்பும் உண்டியல் முறை நமக்குப் புதிதல்ல. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த காலத்தில் உண்டிக்கு ஒரு நாணயம் இருந்தது, பின்னால் ஒரு பேரேடு இருந்தது. இன்று உங்கள் வீட்டுக் கீழே வந்து காசு வாங்குகிறவனிடம் அந்தப் பேரேடு இல்லை. சட்டமும் அவனுக்கு இடம் தரவில்லை. 2020 ஜனவரி 28 முதல் நடப்பில் இருக்கும் கட்டணச் சேவைச் சட்டப்படி, உரிமமில்லாமல் பணம் அனுப்பும் தொழில் செய்யும் தனிமனிதருக்கு 125,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்தியாவில் 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அதைத் தடுக்கிறது. "நான் தொழில் செய்யலையே, காசு கொடுத்ததோட சரி" என்று நீங்கள் சொல்லலாம். முடங்கிய கணக்கு அந்தப் பேச்சைக் கேட்காது.

உரிமம் உள்ள கடைதானே, பயமில்லை என்று அசட்டையாகவும் இருக்காதீர்கள்! 2023-இல் சீனாவுக்குப் பணம் அனுப்பிய நூற்றுக்கணக்கான சீன ஊழியர்களின் குடும்பக் கணக்குகள் அங்கே முடக்கப்பட்டன. பணத்தை வாங்கிய சில நிறுவனங்கள் அதை வங்கிவழி அனுப்பாமல் மூன்றாம் ஆட்களின் கைவழி அனுப்பியதுதான் காரணம். சிங்கப்பூர் நாணய ஆணையம் 2024 ஜனவரி 1 முதல் அந்தக் கைவழியை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட வேண்டியதாயிற்று. சைனாடவுனில் நடந்தது தேக்காவில் நடக்காது என்று யார் உறுதி தருவது? "எந்த வங்கி வழியாகப் போகும்? என் அம்மாவின் கணக்கில் அனுப்பியவர் பெயர் என்னவென்று காட்டும்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

சரி, இந்த ரேட்டு ஏன் இப்படி ஆடுகிறது? பெரும்பாலான நாடுகளின் மத்திய வங்கிகள் வட்டியை ஏற்றி இறக்கி விலைவாசியைப் பிடிக்கின்றன. சிங்கப்பூர் 1981 முதல் வெள்ளியின் மதிப்பைக் கொண்டே பிடிக்கிறது. நம் அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி ஏறக்குறைய எல்லாமே வெளியிலிருந்து வருபவை. வெள்ளி வலுத்தால் அவற்றின் விலை அடங்கும். அதனால் நம்மோடு வணிகம் செய்யும் நாடுகளின் நாணயங்களை ஒன்றாகச் சேர்த்து, அதற்கு எதிரே வெள்ளியை ஒரு வரம்புக்குள் ஆணையம் வைத்துக்கொள்கிறது. அந்த வரம்பு எது என்று வெளியே சொல்வதில்லை. விலைவாசி ஏறிய காலத்தில், 2021 அக்டோபரிலிருந்து 2022 அக்டோபருக்குள் ஐந்து முறை கொள்கையை இறுக்கியது. 2025 ஜனவரியிலும் ஏப்ரலிலும் சற்றுத் தளர்த்தியது. ஆணையம் தளர்த்திய அதே ஆண்டில்தான் ரூபாய்க்கு எதிரே வெள்ளி இன்னும் ஏறியது! ஏனென்றால் அந்தப் பக்கம் ரூபாய் சரிந்துகொண்டிருந்தது. இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டது. அந்நிய முதலீட்டாளர்கள் இந்தியப் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறினார்கள். 2025 டிசம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 90 ரூபாய் என்ற எல்லையை ரூபாய் தாண்டியது.

இதில் எதை நீங்களும் நானும் முன்கூட்டிச் சொல்ல முடியும்? ஒன்றையும் முடியாது. "அடுத்த மாசம் 75 போகும்" என்று உங்களிடம் அடித்துச் சொல்கிறவருக்கும் தெரியாது.

இப்போது இன்னொரு பெரிய ஆபத்து. பெரியவர்களே, இதைக் கவனமாகப் படியுங்கள்.

ஐம்பத்தைந்து வயதாகிறது. மத்திய சேம நிதியிலிருந்து ஒரு தொகையை எடுக்கலாம். யாரோ சொல்கிறார்கள்: "இங்க நாலு விழுக்காடுதான். இந்தியாவுல ஏழு விழுக்காடு வட்டி. அங்க போட்டு வைங்க." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 2025 ஜனவரி தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய 62 ரூபாய் 70 காசு. 10,000 வெள்ளியை மாற்றி ஊரில் போட்டவருக்கு 6,27,000 ரூபாய். ஓராண்டுக்கு ஏழு விழுக்காடு வட்டி சேர்த்தால் 6,70,890. ஆண்டு முடிவில் ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய 70 ரூபாய். அந்த மொத்தப் பணத்தையும் திரும்ப வெள்ளியாக மாற்றினால் 9,600-ஐக்கூட எட்டாது.

வட்டியும் போயிற்று. முதலிலும் நானூறு வெள்ளி போயிற்று.

அதே பத்தாயிரம் ஓய்வுக்காலக் கணக்கிலேயே நான்கு விழுக்காட்டில் இருந்திருந்தால் 10,400. எண்ணூறு வெள்ளி வித்தியாசம்! வாடகை வீட்டில் தனியாக இருக்கும் ஒரு முதியவருக்கு எண்ணூறு வெள்ளி என்றால் எத்தனை வேளைச் சாப்பாடு என்று உணவங்காடி நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

2008 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய 28 ரூபாய்தான். 2013 ஆகஸ்ட் 28 அன்று ரூபாய் விழுந்தபோது 53-ஐத் தாண்டியது. 2025 முடிவில் 70 பக்கம். ரூபாய் எப்போதும் விழுந்துகொண்டே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. 2007-இல் அது நன்றாக ஏறவும் செய்தது. ஊரிலேயே போய் வாழப்போகிறவருக்கு, ஊரிலேயே செலவு செய்யப்போகிறவருக்கு ரூபாய்ச் சேமிப்பு சரிதான். ஆனால் மருந்தும் மருத்துவமனையும் மின்கட்டணமும் புக்கிட் மேராவில் வெள்ளியில் கட்ட வேண்டியவர், முதுமைக்கான பணத்தை வெள்ளியிலேயே வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. யார் என்ன சொன்னாலும் இதில் அசையாதீர்கள்.

கடன் வாங்கி அனுப்புகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. 3,000 வெள்ளி கடன் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உரிமம் பெற்றவரிடமே வாங்கினாலும் மாதத்துக்கு நான்கு விழுக்காடு வரை வட்டி, பத்து விழுக்காடு வரை நிர்வாகக் கட்டணம். முதல் மாதத்திலேயே 420 வெள்ளி போகலாம். ரேட்டு 66-லிருந்து 69-க்கு ஏறியதால் கிடைத்த கூடுதல் எவ்வளவு? 9,000 ரூபாய். 130 வெள்ளி! இதற்காகவா கடன்? உரிமமில்லாத வட்டிக்காரனான ஆலோங்கிடம் வாங்கினால் வட்டியோடு நிற்காது. வீட்டுக் கதவில் பெயிண்ட் ஊற்றுவார்கள். அண்டை வீட்டாரையும் மிரட்டுவார்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பிமார்களே, அடையாள அட்டைப் படத்தையும் முதலாளியின் எண்ணையும் அவர்களிடம் கொடுத்துவிட்டால் பிறகு நிம்மதி கிடையாது.

ரூபாய் நோட்டாக அலமாரியில் வைத்திருக்கிறீர்களா? "அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஆகும்" என்று புடவை மடிப்புக்குள்? எடுத்து எண்ணிப் பாருங்கள். 2016 நவம்பர் 8 இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மறுநாளே தேக்கா நாணய மாற்றுக் கடைகள் அவற்றை வாங்க மறுத்தன. வெளிநாட்டில் இருந்த இந்தியக் குடிமக்களுக்கு 2017 ஜூன் வரை அவகாசம் கொடுத்தார்கள். ஆனால் ரிசர்வ் வங்கியின் குறிப்பிட்ட சில அலுவலகங்களுக்கு நேரில் போக வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களாகிவிட்ட நம்மவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. 2023 மே மாதம் 2,000 ரூபாய் நோட்டையும் திரும்பப் பெற்றார்கள். உங்கள் அலமாரியில் இன்னும் ஒன்றிரண்டு கிடக்கலாம்.

இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு இது புதிய அடியும் அல்ல. ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டு 1945-இல் ஒரே நாளில் வெற்றுத்தாள் ஆனது. 1967 நவம்பர் 18 அன்று பிரிட்டன் பவுனின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. அந்த ஆண்டு ஜூனில்தான் சிங்கப்பூர் சொந்த வெள்ளியை வெளியிட்டிருந்தது. புது வெள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை. பவுனோடு பிணைந்திருந்த பழைய மலாயா நோட்டைப் பெட்டிக்குள் வைத்திருந்தவர்களுக்கு வெள்ளிக்குப் பதினைந்து காசு போயிற்று. பினாங்கில் இதை எதிர்த்த கடையடைப்பு கலவரமாகி உயிர்களும் போயின. கெப்பல் துறைமுகத்திலும் தஞ்சோங் பகாரிலும் மூட்டை தூக்கிச் சேர்த்த காசில் ஒரு பங்கு, தூங்கி எழுவதற்குள் போயிற்று.

ஜோகூர் பாருவுக்குப் போய் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கு மூன்றரை ரிங்கிட்டுக்கு மேல் கிடைத்தது. 2025 முடிவில் 3.16 பக்கம் வந்துவிட்டது. சாமான் வாங்கப் போகிற நமக்கு இது சின்ன வருத்தம். ஆனால் அங்கே வீடு, இங்கே வேலை என்று பாலத்தைக் கடந்து வருகிற மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு? 2,500 வெள்ளிச் சம்பளம் அன்று 8,750 ரிங்கிட். பிறகு 7,900. வேலை அதே வேலை. விடியற்காலை நாலு மணிக்கு எழுவதும் அதே. 850 ரிங்கிட் குறைந்துவிட்டது. 8,750 வரும் என்று நம்பிக் காருக்கும் வீட்டுக்கும் தவணை போட்டவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். தவணை குறையாது. உங்கள் தங்கை மகனோ மகளோ அப்படி வந்து போகிறார்கள் என்றால் இன்றைக்கே சொல்லுங்கள்: உச்ச ரேட்டை வைத்து ஒருபோதும் தவணை போடக் கூடாது.

அட்டையில் பணம் கட்டும்போதும் விழித்திருங்கள். அங்குள்ள கடையில் கருவியை நீட்டி "ரிங்கிட்டா, சிங்கப்பூர் வெள்ளியா?" என்று கேட்பார்கள். தெரிந்த நாணயம் என்று வெள்ளியைத் தொட்டுவிடாதீர்கள்! அந்த ரேட்டைப் போடுவது உங்கள் வங்கி அல்ல. அந்தக் கருவிக்குப் பின்னால் இருக்கிறவர்கள் தங்கள் இலாபத்தையும் சேர்த்துப் போடுவார்கள். எந்த ஊரில் நிற்கிறீர்களோ அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்.

தேக்காவில் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களே, உங்களுக்கும் இரண்டு பக்க அடி இருக்கிறது. ரூபாய் விழுந்தால் ஊரிலிருந்து வரும் சரக்கு மலிவாகும் என்று சந்தோஷப்படுகிறீர்கள். சரக்குக்கான பட்டியல் அமெரிக்க டாலரில் இருந்தால் அந்த மலிவு உங்களுக்கு வராது. முதலில் பட்டியல் எந்த நாணயத்தில் என்று பாருங்கள். மறுபக்கம், இந்தியாவிலிருந்து வரும் சுற்றுப்பயணிக்கு 2008 தொடக்கத்தில் ஆயிரம் வெள்ளிச் சாமான் ஏறக்குறைய 28,000 ரூபாய். 2025 முடிவில் 70,000 ரூபாய். அவர் கையை இழுத்துக்கொள்ளத்தான் செய்வார்.

"ரேட்டு ஆடினாலும் உங்களுக்கு நட்டம் வராது, செலவே இல்லாத ஒப்பந்தம்" என்று யாராவது காகிதத்தோடு வந்தால் திருப்பூரை நினையுங்கள். 2007-இல் ரூபாய் ஏறியபோது பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் தவித்தார்கள். அந்த நேரம் பார்த்து, சுவிஸ் பிராங்க் போன்ற, அவர்கள் தொழிலுக்குத் தொடர்பே இல்லாத நாணயங்களை வைத்துச் சிக்கலான ஒப்பந்தங்கள் விற்கப்பட்டன. 2008-இல் பிராங்க் எகிறியதும் பலருக்குக் கோடிக்கணக்கில் கடன். கோயம்புத்தூரைச் சேர்ந்த ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் நிறுவனம் வழக்குக்குப் போனது. அத்தகைய ஒப்பந்தம் சூதாட்டம் அல்ல, செல்லும் என்று 2008 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. புரியாமல் போட்ட கையெழுத்தும் கையெழுத்துதான். அதே பிராங்க் 2015 ஜனவரி 15 அன்று சில நிமிடங்களில் முப்பது விழுக்காடு வரை எகிறியது. போலந்தில் பிராங்கில் வீட்டுக்கடன் வாங்கியிருந்த சாதாரணக் குடும்பங்களின் கடன் ஒரே காலையில் வீங்கிப்போனது. நீங்கள் சம்பாதிக்காத நாணயத்தில் கடன் வாங்காதீர்கள். வீட்டுக்கும் வேண்டாம், கடைக்கும் வேண்டாம்.

இனி அபாய அறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலே விலகிவிடுங்கள்.

கடை ரேட்டைவிடக் கூடுதலாகத் தருகிறேன் என்கிறான். இது முதல் மணி!

பேநவ் எண் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. பெயரும் மாறுகிறது.

ரசீது இல்லை. "வாட்ஸ்அப்புல அனுப்புறேன், அது போதும்" என்கிறான்.

ஊரில் வந்த பணம் துண்டு துண்டாக, தெரியாதவர்கள் பெயரில் வருகிறது. வந்தவுடன் அதைத் தொடாதீர்கள். அந்த ஆளிடம் அடுத்த தடவை போகவே போகாதீர்கள்.

"உங்க கணக்கை ஒரு வாரத்துக்குக் கொடுங்க, கமிஷன் தர்றேன்." ஐயோ, வேண்டவே வேண்டாம்! பிள்ளைகளிடம் இதை இன்றே சொல்லுங்கள். தேசிய சேவை முடித்த பையன், கல்லூரிக்குப் போகும் பெண், இவர்களைத்தான் தேடி வருகிறார்கள். பணமாற்று மோசடிக்குக் கணக்கைக் கொடுத்தவர் என்ற வழக்கு வந்தால் அந்தப் பிள்ளையின் வேலையும் எதிர்காலமும் போய்விடும்.

"திருச்சிக்குத்தானே போறீங்க, இந்தச் சின்னப் பையை எடுத்துட்டுப் போங்க." உங்களைக் குருவி ஆக்குகிறார்கள். ரொக்கமாகவும் இருக்கலாம், தங்கமாகவும் இருக்கலாம். 20,000 வெள்ளிக்கு மேற்பட்ட ரொக்கத்தைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவந்தாலும் வெளியே கொண்டுபோனாலும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் 50,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. பை யாருடையது என்று சுங்க அதிகாரி கேட்கும்போது கொடுத்தவன் பக்கத்தில் இருக்க மாட்டான்.

"ஃபாரெக்ஸ்ல போடுங்க, மாசம் இருபது விழுக்காடு." ஒரு செயலி, அதில் இலாபம் ஏறுவது போல ஒரு படம், பணத்தை எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டுங்கள்" என்று ஒரு செய்தி. உண்மையான சந்தையே ஆபத்தானது. ஆயிரம் வெள்ளி கட்டி இருபதாயிரத்துக்கு வாங்கினால், ஐந்து விழுக்காடு எதிர்ப்பக்கம் போனதும் ஆயிரமும் காலி. பொய்ச் சந்தையில் முதல் நாளே காலி. இந்தியாவில் அனுமதியில்லாத இத்தகைய தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்டது. இங்கே நாணய ஆணையமும் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கிறது. 2024-இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளில் பறிபோன பணம் 1.1 பில்லியன் வெள்ளி. படித்தவர்கள் பணமும் அதில் இருக்கிறது.

"கட்டணமே இல்லை!" என்ற பலகை. இது குற்றமல்ல, ஆனால் கண்ணைக் கட்டும். கட்டணம் இல்லாத இடத்தில் ரேட்டைக் குறைத்திருப்பார்கள். வெள்ளிக்கு ஒரு ரூபாய் முப்பது காசு குறைந்தால் ஆயிரம் வெள்ளியில் 1,300 ரூபாய் போய்விடும். ரேட்டையும் கேட்காதீர்கள், கட்டணத்தையும் கேட்காதீர்கள். "ஆயிரம் வெள்ளி தருகிறேன், ஊரில் எத்தனை ரூபாய் கையில் விழும்?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு மூன்று இடங்களில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

நேர்வழி இப்போது கடினமாகவும் இல்லை. பேநவ்–யுபிஐ இணைப்பு 2023 பிப்ரவரி 21 முதல் இருக்கிறது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 60,000 ரூபாய், ஏறத்தாழ ஆயிரம் வெள்ளி வரை அனுப்ப முடிந்தது. பிறகு இந்த இணைப்பில் சேர்ந்த இந்திய வங்கிகளும் கூடியிருக்கின்றன. உங்கள் அம்மாவின் வங்கி அதில் உண்டா என்று ஒருமுறை கேட்டு வையுங்கள். கடைக்குப் போவதானால், நாணய ஆணையத்தின் நிதி நிறுவனப் பட்டியலில் அந்தக் கடையின் பெயரைத் தேடிப் பாருங்கள். தேடத் தெரியாத பாட்டிக்குப் பேரப்பிள்ளை தேடிக் கொடுக்கட்டும். ரசீதில் உங்கள் பெயர், வாங்குபவர் பெயர், ரேட்டு, கட்டணம் நான்கும் இருக்க வேண்டும். அதைக் கசக்கி எறியாமல் வைத்திருங்கள். கணக்கு முடங்கினால் உங்களைக் காப்பாற்றும் தாள் அதுதான்.

மாதா மாதம் அனுப்புகிறவர் மாதா மாதமே அனுப்புங்கள். ரேட்டு உச்சத்துக்கு வரட்டும் என்று ஆறு மாதப் பணத்தைத் தேக்கி வைத்து ஒரேயடியாக அனுப்பாதீர்கள். சில மாதம் நல்ல ரேட்டு வரும், சில மாதம் வராது. மொத்தத்தில் நடுவாக அமையும். ஒரு தடவை தவறிப் போனாலும் ஒரு மாதப் பணத்தோடு போகும், சேமிப்பெல்லாம் போகாது.

சந்தேகம் வந்தால் 1799-ஐ அழையுங்கள். மோசடி பற்றிக் கேட்பதற்கென்றே வைத்திருக்கும் எண். பணத்தைக் கொடுத்துவிட்டீர்கள், ஏதோ சரியில்லை என்று மனம் சொல்கிறதென்றால் வெட்கப்பட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள், போலீசில் புகார் கொடுங்கள். நேரம் ஆக ஆகப் பணம் கை மாறி மாறித் தொலைவுக்குப் போய்விடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை டிப்போ ரோட்டு ருத்ர காளியம்மன் கோயிலில் பார்த்தாலும் சரி, ரெட்ஹில் சந்தையில் பார்த்தாலும் சரி, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "ஊருக்கு யார்கிட்ட அனுப்புறீங்க?" அவர் ஒரு கடையின் பெயரைச் சொல்லாமல் ஓர் ஆளின் பெயரைச் சொன்னால், அடுத்த தொகையைக் கொடுப்பதற்குள் அவரைத் தடுத்துவிடுங்கள்.